என்ன சாப்பிட்டே?

என் மகள் 31ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1,350 கிராம். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால், இனியும் காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று அறுவை செய்து எடுத்தார்கள். மறுநாள் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: “என்னம்மா சாப்பிட்டே?” பப்பாளியா, அன்னாசியா, எள்ளுருண்டையா என்று விசாரணை நீண்டது. “ஸ்கூட்டர்லயே காலேஜுக்குப் போனியே, அப்பவே சொன்னேன்” என்றார் சின்ன மாமியார். என் கணவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து, “தைரியமா இருங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தமிழ் படித்தவளுக்குச் சொற்கள் கண்ணில் உறுத்தும். “குறைமாதக் குழந்தை” என்றால் குறை மாதத்தின் மேல் நிற்கிறது. “குறைப்பிரசவம்” என்றதும் அது பெற்றவள் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. 37 வாரங்களுக்கு முன் உலகில் பிறக்கும் குழந்தைகள் ஆண்டுக்கு ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் மேல். 2020இல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். ரத்த அழுத்தம், கிருமித்தொற்று, இரட்டைக் கரு என்று காரணங்கள் பல. ஏராளமான பிரசவங்களில் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் பப்பாளி வந்து நிரப்புகிறது.

கருவின் மூளை 24ஆவது வாரத்தில் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். அதற்குப் பிறகுதான் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு வளர்கிறது. 34 வாரத்தில்கூட அதன் எடை முழுமாதக் குழந்தையினுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். நரம்பிழைகளுக்கு உறைபோடப் போகும் செல்கள் அப்போது மிக மென்மையாக இருக்கும். ஆக்சிஜன் குறைந்தாலோ தொற்று வந்தாலோ எளிதில் பழுதாகும். அதனால் சீக்கிரம் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பெருமூளை வாதம், கவனக் குறைவு, கற்றலில் தடுமாற்றம் ஆகியவை வர வாய்ப்பு கூடுதல். வாரங்கள் குறையக் குறைய அந்த வாய்ப்பு ஏறும். ஆனாலும் இவர்களில் பெரும்பாலோர் பெரிய ஊனம் எதுவுமின்றி வளர்கிறார்கள். என் மகள் நடக்கத் தொடங்க 18 மாதம் ஆனது. இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கு அவ்வளவாக வராது. எனக்கும்தான் வராது; நான் பத்து மாதம் நிறைந்து பிறந்தவள்.

“என்ன சாப்பிட்டே?” என்ற கேள்வி சட்டமாகிவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஆகியிருக்கிறது. அங்கே அபின் வகை வலிநிவாரணி மாத்திரைகளும் ஹெராயினும் பரவிய காலத்தில், கருவிலேயே அவற்றுக்குப் பழகிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. தொப்புள்கொடி அறுபட்டதும் மருந்து நின்றுவிடும். ஓரிரு நாளில் உடல் நடுங்கும். கீச்சென்ற அழுகை ஓயாது. பால் குடிக்காது, தூங்காது. “பிறக்கும்போதே போதை அடிமை” என்று இவர்களை எழுதினார்கள். தேடிப் போவதுதான் அடிமைத்தனம். பிறந்த குழந்தை எதைத் தேடிப் போகும்? அதன் உடல் மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

2014இல் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கர்ப்பத்தில் போதைமருந்து எடுத்து, அதனால் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால், தாய் மீது தாக்குதல் வழக்குப் போடலாம். போலீசுக்குப் பயந்த பெண்கள் கர்ப்பகாலப் பரிசோதனைக்கே வரமாட்டார்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். திடீரென்று மருந்தை நிறுத்துவது கர்ப்பிணிக்கு ஆபத்து; மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் கொடுத்து, மேற்பார்வையில் வைத்திருப்பதே சிகிச்சை. மருத்துவமனை வாசலிலேயே கைது காத்திருந்தால் எவள் உள்ளே நுழைவாள்? 2016இல் அந்தச் சட்டம் காலாவதியானது. மாத்திரையை விற்றவர்கள் கதை வேறு. ஆக்ஸிகான்டின் மாத்திரையின் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007இல் பர்டூ குழும நிறுவனமும் அதன் மூன்று உயரதிகாரிகளும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

இந்தப் பிள்ளைகளின் மூளை பிற்பாடு எப்படி இருக்கிறது? கற்றலிலும் கவனத்திலும் சராசரியாகச் சற்றுப் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு, தாயிடமிருந்து பிரித்துக் கைமாறிக் கைமாறி வளர்த்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

நீண்ட காலமாக இந்தக் குழந்தைகளைத் தனியறையில் வைத்து, நடுக்கம், தும்மல், கொட்டாவி என்று 20 அறிகுறிகளுக்குமேல் மதிப்பெண் போட்டு, எண்ணிக்கை ஏறினால் மார்ஃபின் கொடுத்தார்கள். பிறகு சில மருத்துவர்கள் மூன்றே கேள்விகளுக்கு வந்தார்கள். குழந்தை சாப்பிடுகிறதா? ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? அழுதால் பத்து நிமிடத்தில் சமாதானமாகிறதா? முதல் மருந்து: அமைதியான, வெளிச்சம் குறைந்த அறை, தாய்ப்பால், துணியில் சுற்றித் தூக்கிவைத்திருக்கும் கை. தாயும் கூடவே தங்கலாம். 26 அமெரிக்க மருத்துவமனைகளில் 1,305 குழந்தைகளிடம் இதைச் சோதித்த முடிவு 2023இல் வெளியானது. வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குத் தேற முன்பு ஏறக்குறைய 15 நாள் ஆனது. இப்போது 8 நாள். மருந்து தேவைப்பட்டவர்கள் பாதிப் பேர் என்பதிலிருந்து ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள்.

குறைமாதக் குழந்தைகளின் கதையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் கட்டிவைக்கச் சொன்னார். அதுதான் கங்காரு பராமரிப்பு. 2021இல் வெளியான ஆய்வு, டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்தது. எடை மிகக் குறைந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்ததுமே மார்பில் சேர்த்ததில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். என் காலத்தில் எனக்குக் கிடைத்தது நாளுக்கு இரண்டு முறை, கண்ணாடிக்கு வெளியே நிற்க அனுமதி. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவேன். காவல் காக்கப்பட்டது குழந்தையா, என்னிடமிருந்து குழந்தையா என்று அந்த நாட்களில் தோன்றியதுண்டு.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. “தாயின் மார்புதான் மருந்து” என்றால், மருந்து வேலை செய்யாதபோது மறுபடி தாய்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாளில் பல மணி நேரம் குழந்தையை மார்பில் கிடத்தியிருப்பவளுக்கு யார் சமைப்பது? மூத்த பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது? பேறுகால விடுப்பு 26 வாரம் என்கிறது சட்டம். குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் கெட்டால் கூடுதலாக ஒரு மாதம் கேட்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவளுக்கு அந்த 26 வாரமே எட்டாது. அப்பாவின் மார்பும் அதே சூடு உள்ளதுதான். பாட்டி, அத்தை, யார் மார்பும் உதவும். கட்டில், கூலி, விடுப்பு, மாற்றுக்கை: இவையெல்லாம் சேர்ந்ததுதான் மருந்து.

சீக்கிரம் பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். “என்ன சாப்பிட்டே?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். இல்லை என்பாள். கையோடு ஏதாவது கொண்டுபோயிருங்கள்.