ஒரு சொட்டுப் பெற்றோல்

எமது கணினியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது எம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. கரிய திரையில் இரண்டு பெயர்கள் தோன்றுகின்றன. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் நாம் எதுவும் சொல்லாதிருந்தால் மேலே உள்ளதைத் தானே தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கிவிடும். ஆறு ஆண்டுகளாக நாம் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. ஆயினும் அந்தக் கீழ்வரியை நாம் அழித்துவிடவும் இல்லை. ஏன் அழிக்கவில்லை என்று சென்ற ஆண்டு எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி கேட்டாள். அன்று அவளுக்குச் சொல்ல இயலாதுபோன விடையையே இங்கு எழுத முயல்கிறோம்.

லினக்ஸ் என்பது என்ன என்பதை இரண்டொரு வார்த்தையிற் சொல்லிவிடலாம். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. அது எவருடைய தனியுடைமையாகவும் இருத்தலாகாது என்ற கொள்கையோடு 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் அத்தகைய முறைமையொன்றின் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்தே இன்று லினக்ஸ் எனப் பெயர்பெற்று நிற்கின்றன. எவரும் அதைப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இன்று அதன் வளர்ச்சியிற் பெருநிறுவனங்களிடம் ஊதியம் பெறுவோரின் பங்கு பெரிது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆக்கப்பட்ட பொருள் பொதுவுடைமையாகவே இருக்கிறது. பொதுவுடைமை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எம்மைப் போன்றோர் அதன்பால் ஈர்க்கப்பட்டதில் வியப்பில்லை.

ஈர்க்கப்பட்டது மட்டுமன்று, பிரசாரமும் செய்தோம். எமது பிரதேசத்தில் விண்டோஸ் வைத்திருப்போருட் பலர் அதற்குக் காசு கொடுத்தவர்களல்லர். கடைக்காரர் எங்கோ பிரதிசெய்ததைப் போட்டுக் கொடுப்பார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம். களவாக எடுத்தாலும் அடிமைத்தனம் அடிமைத்தனந்தான் என்று வகுப்பிற் சொல்லியிருக்கிறோம். அந்தச் சொற்றொடரின் மீது எமக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

அந்த மாணவி உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவிற் படிப்பவள். வடமராட்சியில் வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குச் செல்லும் குடும்பம். வெளிநாட்டிலிருந்து மாமனார் ஒருவர் அனுப்பிய பழைய மடிக்கணினி ஒன்று அவளிடம் இருந்தது. அது வைரசால் நிறைந்து ஊர்ந்துகொண்டிருந்தது. எமது பேச்சைக் கேட்டு அதை எம்மிடம் கொண்டுவந்தாள். நாமும் மகிழ்ச்சியோடு விண்டோசை முற்றாக அழித்து லினக்சை நிறுவிக் கொடுத்தோம். கணினி மான்போல் ஓடியது. ஒருங்குறியில் தமிழ் தட்டச்சுச் செய்யவும் காட்டிக் கொடுத்தோம். தமிழுக்கு ஒரு தொண்டு செய்துவிட்டோம் என்று எண்ணினோம்.

அவள் அந்தக் கணினியிற் படித்தது மட்டுமன்றிப் பிழைத்தும் வந்தாள் என்பதை நாம் விசாரிக்கவில்லை.

நெல்லியடிப் பக்கத்தில் ஒரு கடை. அங்கு அச்சிடும் கல்வெட்டுக்களை அவள் வீட்டிலிருந்து பக்கக் கணக்கிற்குத் தட்டச்சுச் செய்து கொடுத்துவந்தாள். கல்வெட்டு என்றதும் சோழர் காலம் நினைவுக்கு வரும் வாசகர்களுக்காகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உறவினர்க்கு வழங்கப்படும் நினைவு நூலையும் கல்வெட்டு என்றே அழைப்பர். இறந்தவரின் வரலாறு, தேவாரங்கள், புலம்பற் பாக்கள், வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். முப்பத்தோராம் நாள் தள்ளிப்போகாது. அந்த வேலையில் ஒருநாட் பிந்தினாலும் உழைப்பு முழுவதும் வீண்.

அவள் லினக்சில் ஒருங்குறியிற் தட்டச்சுச் செய்த முதலாவது கல்வெட்டைக் கடைக்குக் கொண்டுசென்றாள். அங்கே உள்ள பேஜ்மேக்கர் மென்பொருளிற் போட்டபோது தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக நின்றன. கடைக்காரர் கோபக்காரரல்லர், நேரமில்லாதவர். கையெழுத்துப் பிரதியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் வேலையும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, பாடக் கட்டணம் பற்றிய பேச்சொன்றின் நடுவிலேதான் இது எமக்குத் தெரியவந்தது. அப்பொழுதுதான் அவள் கேட்டாள்.

“சேர், உங்கட கொம்பியூட்டரில விண்டோசும் இருக்கோ?”

“ஓம்.”

“அப்ப என்ர கொம்பியூட்டரில ஏன் சேர் அழிச்சனீங்கள்?”

அவள் குரலிற் குற்றச்சாட்டு இருக்கவில்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. அதனாலேயே அது எம்மைச் சுட்டது.

அந்தக் கேள்விக்குறிகளின் கதையைச் சற்று விளக்கவேண்டும். எமது நாட்டுத் தமிழரிடையே நெடுங்காலமாகப் பரவி நிற்கும் எழுத்துரு பாமினி. பார்வைக்கு அது தமிழ். கணினியின் நினைவிலோ அது ஆங்கிலம். பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால் கணினி அறிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளையே. எழுத்துரு இல்லாத இடத்தில் அம்மா இல்லை. ஆங்கிலக் குப்பையே எஞ்சும். ஒருங்குறியிலோ தமிழின் அடிப்படை எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் தமக்கெனத் தனி எண்கள் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2008இல் இலங்கையும் தமிழுக்கான தனது நியமத்தை வகுத்தது.

அப்படியாயின் பாமினி ஏன் மறையவில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, நேர்மையன்று. தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்த முன்னோடி, சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூர் சென்று வாழ்ந்த இரா. முத்தையா. தட்டச்சு வகுப்புக்களிற் பயின்ற எமது முந்திய தலைமுறையினரின் விரல்களிற் பழைய விசைவரிசை ஊறிப்போயிருந்தது. பாமினி அந்த வரிசையைத் தழுவி வந்தது. ஆகவே தட்டச்சாளர் ஒருவர் ஒருநாளிற் கணினிக்கு மாறமுடிந்தது. பேஜ்மேக்கரும் அவ்வாறே. 2001இல் வந்ததே அதன் இறுதிப் பதிப்பு. ஒருங்குறித் தமிழை அது அறியாது. ஆயினும் இருபது ஆண்டுக் கல்வெட்டுக்களும் பாடசாலை மலர்களும் வினாத்தாள்களும் அதனுள்ளே கிடக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கு விண்டோஸ் வேண்டும்.

எமது கணினியின் கீழ்வரி நீடிப்பதற்கும் இதுவே காரணம். அலுவலகத்திலிருந்து வரும் படிவம், சக ஆசிரியர் அனுப்பும் வினாத்தாள், லினக்சோடு பேச மறுக்கும் பாடசாலை அச்சுப்பொறி ஆகியவற்றுக்காகவே மாதத்தில் இரண்டொரு முறை அங்கு செல்கிறோம். விண்டோசை நாம் விரும்பி வைத்திருக்கவில்லை. அதைவிட்டு நீங்காத மனிதரோடு நாம் வாழ்வதால் வைத்திருக்கிறோம். இதிலே ஓர் ஏற்றத்தாழ்வும் உண்டு. லினக்ஸ் விண்டோசின் வன்தட்டுப் பகுதியைத் திறந்து படிக்கும். விண்டோசோ லினக்சின் பகுதியைத் தானாக அறிந்துகொள்ளாது. அதைப் படிக்கமுடியாதது எனக் கருதி, துடைத்துத் தரவா என்றும் கேட்கும். எளியவன் வலியவனின் மொழியைக் கற்றே ஆகவேண்டும். வலியவனுக்கு அந்தத் தேவை இல்லை. இந்த நியதி எமது நாட்டிலே தமிழருக்குப் புதியதன்று.

1990ஆம் ஆண்டுக்குப் பின்னரான பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றித் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத அந்நாள்களில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயிற் கிளம்பாது. ஆகவே சிறு போத்தலொன்றிற் பெற்றோலைப் பொன்போற் காத்து, சில சொட்டுக்களை விட்டுக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வார்கள். அந்தப் போத்தல் வைத்திருந்தவனை எவரும் கொள்கையற்றவன் என்று சொல்லவில்லை. நாமோ எமது போத்தலைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அந்தப் பிள்ளையின் போத்தலை மட்டும் நிலத்தில் ஊற்றிவிட்டோம். எமக்கு மாதச் சம்பளம் உண்டு. கிளம்பாவிட்டாலும் வீட்டில் இருக்கலாம். அவளால் இயலாது. இல்லாதவரைத் தியாகம் செய்யச் சொல்லும் உரிமையை எமக்கு யார் தந்தது?

வெளியுலக அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்து, 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் மீண்டும் விண்டோசுக்குத் திரும்ப முடிவுசெய்தது. காரணங்களுள் அரசியலும் உண்டு. வெளியிலிருந்து வரும் ஆவணங்களோடு பொருந்தாத தொல்லையும் உண்டு. கேரளத்திலோ 2001இல் தொடங்கிய ‘ஐ.ரி. அற் ஸ்கூல்’ திட்டம் முதலில் விண்டோசோடு இயங்கி, சில ஆண்டுகளிற் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது. அங்கே பாடநூல், ஆசிரியர் பயிற்சி, பரீட்சை மூன்றும் சேர்ந்து மாறின. ஆகவே எந்தப் பிள்ளையும் தனித்து நட்டமடையவில்லை. தனி மனிதனின் வைராக்கியத்தால் வருவதன்று இவ்விடுதலை. ஒரு சமூகம் கூடி நடக்கும்போதே வருவது.

நாம் செய்தது மிகச் சிறியது. அவளது மடிக்கணினியோடு வந்த உரிமத்தைக் கொண்டே விண்டோசை லினக்சின் அருகில் மீண்டும் நிறுவினோம். ஒருங்குறியிலிருந்து பாமினிக்கும் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கும் மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை முதல்நாளே அவளுக்குக் காட்ட எமக்குத் தோன்றாததுதான் எமது பிழை. இப்பொழுது அவள் லினக்சில் ஒருங்குறியில் எழுதுகிறாள். பாமினிக்கு மாற்றி, விண்டோசிற் பக்கம் அமைத்துக் கடைக்குக் கொடுக்கிறாள். கடைக்காரருடன் நாமே சென்று பேசினோம். வேலை மீண்டும் வருகிறது. கடையிலுள்ள பேஜ்மேக்கருக்கு உரிமம் இல்லை என்பது எமக்குத் தெரியும். அதைப்பற்றி இம்முறை நாம் பிரசங்கம் செய்யவில்லை.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவடைந்தது. எமது பாடசாலைகளிலுள்ள பழைய கணினிகள் பலவற்றில் அடுத்த பதிப்பை முறைப்படி நிறுவ இயலாது. அவற்றைக் குப்பையில் எறிவதா, லினக்சில் வாழவைப்பதா என்ற கேள்வி ஆசிரியர்களாகிய எம்முன் வந்து நிற்கிறது. நண்பர்களே, அதற்கு விடை சொல்லுமுன் அந்தக் கணினிகளால் யார் யார் என்ன வேலை செய்கின்றனர் என்பதை முதலிற் கேட்டறிவோம். எமது வினாத்தாள்களையும் மலர்களையும் ஒருங்குறியில் எழுதத் தொடங்குவோம். பழைய பாமினிக் கோப்புக்களை, அவற்றைத் திறக்கத் தெரிந்தோர் இருக்கும்போதே மாற்றிவைப்போம். 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தார் போன்றோரின் பணிக்கும் அது துணையாகும்.

சென்ற தவணைத் தமிழ் வினாத்தாளை எமது பாடசாலையில் ஒருங்குறியில் தயாரித்தோம். மூன்று ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் கற்றுக்கொண்டார். எமது கணினி இன்னமும் காலையில் இரண்டு பெயர்களைக் காட்டுகிறது. முன்னர் மாதத்தில் இரண்டொரு முறை கீழ்வரிக்குச் சென்றோம். இந்தத் தவணையில் ஒரேயொரு முறை சென்றோம்; அதுவும் அந்த மாணவி அமைத்த கல்வெட்டொன்றை அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பதற்காக.