அகப்பட்ட தண்ணீர்

ஜனவரி விடியற்காலையில் வரும் அழைப்புகளில் முதல் வாக்கியம் அனேகமாக ஒன்றுதான்: “அண்ணை, குசினிக்குள்ள தண்ணி வரேல்லை.” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “குளியலறையில வருதோ?” வருகிறதென்றால் பாதி நிம்மதி. உறைந்தது ஒரு கிளைக்குழாய், வீட்டுக்குள்ளேயே எங்கோ இருக்கிறது. எங்குமே வரவில்லை என்றால் பக்கத்து வீட்டில் விசாரிக்கச் சொல்வேன். அங்கே வந்து இங்கே வராவிட்டால், தெருவிலிருந்து மீட்டருக்கு வரும் குழாய் நிலத்தடியில் உறைந்திருக்கலாம். அதற்கு நானும் உதவமாட்டேன், ஹெயர் டிரையரும் உதவாது. ரொறன்ரோவில் மாநகராட்சியின் 311ஐ அழைக்க வேண்டியதுதான். 2015 பெப்ரவரிக் குளிரில் இப்படி உறைந்ததை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

“முதல்ல பைப்பைத் திறந்து விடுங்கோ” என்பேன் அடுத்து. தண்ணீரே வராத பைப்பைத் திறப்பானேன் என்று பலருக்கும் ஐயம். உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அதனால் பனிக்கட்டி பக்கவாட்டில் நெருக்கிக் குழாயைப் பிளக்கிறது என்று நினைக்கிறோம். பிளந்த குழாயை அறுத்தெடுத்துப் பார்த்தால் கதை வேறு. வெடிப்பு பெரும்பாலும் கட்டி பிடித்த இடத்தில் இருக்காது. பைப் பக்கமாகத் தள்ளி, உறையவே உறையாத இடத்தில்கூட இருக்கும். கட்டி குழாயின் நீளவாக்கில் வளர்ந்து, தனக்கும் மூடிய பைப்புக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரோ அமுங்காது. வழக்கமாக 40 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை இருக்கும் அழுத்தம் ஆயிரக்கணக்கில் ஏறி, செப்புக்குழாய் மீன் வாய் பிளந்ததுபோல் திறந்துகொள்கிறது. பைப் திறந்திருந்தால் அந்தத் தண்ணீருக்குப் போக வழி இருக்கும்.

உடைந்தது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. பனிக்கட்டி அடைத்து நிற்கும்வரை ஒரு சொட்டும் கசியாது. உருகியபிறகுதான் சுவர் நனையும், கீழே பேஸ்மன்டில் வாடகைக்கு இருப்பவரின் கட்டிலும் நனையும். ஆகவே சூடு காட்டுமுன் பிரதான வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, அது திரும்புகிறதா என்று பார்த்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்த வேண்டும். குழாயில் கீறலோ வீக்கமோ தெரிந்தால் வால்வை அப்போதே மூட வேண்டும். பழைய வீடுகளில் வட்டக் கைப்பிடி வால்வுகள் ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் இறுகிக் கிடக்கும். அதை ஒக்டோபரில் மாற்றுவது மலிவு. ஜனவரியில், தண்ணீர் பீறிடும்போது மாற்றுவதற்கு நானே கூடக் காசு கேட்பேன்.

சூட்டைப் பைப் முனையில் தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கி நகர்த்திப் போக வேண்டும். நடுவில் தொடங்கினால் உருகிய நீர் போக வழியில்லாமல் அகப்படும். ஹெயர் டிரையர், வெந்நீரில் பிழிந்த துவாய், முதுகுவலிக்கு வைக்கும் மின்சூட்டு மெத்தை, இவ்வளவு போதும். தரை ஈரமாக இருந்தால் மின்கருவி எதையும் கையில் எடுக்கக் கூடாது. குழாய் சுவருக்குள் இருந்தால் சிங்க்குக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, அறையைச் சூடாக்கிக் காத்திருப்பேன். சில வேளை மணிக்கணக்காகும். வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விடும். “உங்களிட்டை டோர்ச் இருக்குத்தானே அண்ணை?” என்பார். இருக்கிறது. செப்புக்குழாய்க்குச் சோல்டர் பிடிக்க அது வேண்டும். ஆனால் உறைந்த குழாய் வேலைக்கு அதை வண்டியைவிட்டு இறக்குவதில்லை. சுவருக்குள் இருப்பது காய்ந்த மரச்சட்டமும் காகிதமும் தூசியும். பொறி உள்ளே புகைந்துகொண்டிருந்து, நான் போன பிறகு தீயாகும். சுடர் படும் இடத்துக்கு இருபுறமும் கட்டி அடைத்திருந்தாலோ, நீர் ஆவியாகிக் குழாயே வெடிக்கும்.

ஏன் உறைந்தது என்று தேடும்போது நான் வெப்பமானியைவிட என் புறங்கையை நம்புகிறேன். 1990களில் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பில்லாத குழாய்களுக்கு மறை 7 பாகை செல்சியஸை எச்சரிக்கை எல்லையாகக் குறித்தார்கள். ரொறன்ரோவில் அது சாதாரண நாள். ஆனாலும் ஒரே தெருவில் ஒரேமாதிரி கட்டிய இரு வீடுகளில் ஒன்றில் மட்டும் உறைகிறது. அனேகமாக அங்கே காற்று புகுந்திருக்கும். கேபிள் நுழையும் துளை, உடுப்பு டிரையரின் காற்றுக்குழாய் வெளியேறும் இடம், அத்திவாரச் சுவரின்மேல் மரம் அமரும் விளிம்பு, இங்கெல்லாம் புறங்கையை நீட்டிப் பார்த்தால் ஊசிக்குளிர் தெரியும். அதை அடைக்க ஒரு டப்பா நுரை போதும்.

அக்கறையோடு செய்து கெடுப்பதும் உண்டு. குழாயைச் சுற்றி இருக்கும் வெற்றிடம் முழுக்கப் பஞ்சுக்காப்பைத் திணித்துவிடுவார்கள். காப்பு இருக்க வேண்டியது குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவே. குழாய்க்கும் அறைக்கும் நடுவே வைத்தால் வீட்டின் சூட்டையல்லவா தடுத்துவிடுகிறோம்? குழாய்மேல் மாட்டும் நுரையுறையும் குளிரைத் தாமதப்படுத்துமே தவிர, தானாகச் சூடு தராது. கராஜுக்கு மேலே குளியலறை கட்டிய வீடுகளில் காப்பு எந்தப் பக்கம் என்பதை மறந்தால் வருடாவருடம் என்னைக் கூப்பிட வேண்டிவரும்.

கடுங்குளிர் இரவுகளில் காஸ் பில்லுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டைக் குறைக்க வேண்டாம். வெளிச்சுவர்ப் பக்கத்துப் பைப்பை மெல்லிய நூலாக ஓடவிடலாம். ஒற்றைக் கைப்பிடி என்றால் நடுவில் நிறுத்துங்கள், சுடுநீர்க் குழாயும் உறையும். சொட்டுச் சொட்டாக விடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கழிவுக்குழாயும் வெளிச்சுவரில் இருந்தால் அந்தச் சொட்டுகளே அங்கே உறைந்து அடைக்கும். வெளிப் பைப்புக்கென வீட்டுக்குள்ளே இருக்கும் வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, வெளிவாயைத் திறந்தே விட வேண்டும்.

டிசம்பரில் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வீட்டுச் சூட்டை 13 பாகைக்குக் கீழே இறக்காமல், பிரதான வால்வை மூடி, பைப்புகளைத் திறந்து வடியவிட்டுப் போகலாம். வீடு பொயிலர் சூட்டில் ஓடுகிறதென்றால் மூடுமுன் அதைப் பராமரிப்பவரிடம் கேட்க வேண்டும். ஆளில்லாத வீட்டை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று பல காப்புறுதி ஒப்பந்தங்களில் நிபந்தனையே உண்டு. சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். கொடுக்கும்போது அவரைப் பேஸ்மன்டுக்குக் கூட்டிப் போய், அந்த வால்வை ஒருதரம் அவர் கையாலேயே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.