வவுனியாக் கிணறும் நோர்பரிப் பல் டொக்டரும்

நோர்பரி ஸ்டேஷனை விட்டு லண்டன் ரோட்டுக்கு வந்தால் எனக்கு இன்னும் எட்டு வயசுதான். 1989இல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதே ரோட்டில்தான் முதல் முதலாக நடந்தேன். அப்போது முருங்கைக்காய் வாங்க வேண்டுமென்றால் ரூட்டிங் போக வேண்டும். இப்போது ஸ்டேஷனிலிருந்து தோர்ன்ரன் ஹீத் பக்கமாக 109 பஸ்ஸில் போனால், வழியெல்லாம் நம்மட ஆக்களின் கடைகள். மரக்கறிக் கடை, நகைக் கடை, சீலைக் கடை. இடையிடையே பல் கிளினிக்குகள். அவற்றின் கண்ணாடியில் பால் வெள்ளைப் பல்லோடு யாராவது சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் படங்களை நான் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. என் முன்பற்களில் மண்ணிறத் திட்டுகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் "நீ பல் தீட்டுறதில்லையா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகிவிட்டேன். கலியாண அல்பத்தில்கூட உதடு மூடிய சிரிப்புத்தான்.

தம்பி 1990இல் மேடே ஆஸ்பத்திரியில் பிறந்தவன். (அதற்கு இப்போது குரொய்டன் யுனிவர்சிட்டி ஹொஸ்பிட்டல் என்று பெயர்.) அவனுக்குப் பல்லில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒரே அம்மா, ஒரே சாப்பாடு, ஒரே பற்பசை. வித்தியாசம் தண்ணீர்தான்.

வவுனியா, அனுராதபுரம் போன்ற வரண்ட பகுதிகளில் பல கிணறுகளில் ஃபுளோரைட் அதிகம். லீட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முரசுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரைக்கும், அதற்கு மேலான தண்ணீரைக் குடித்து வந்தால் எனாமல் சரியாக இறுகாது. பிறகு திட்டு விழும். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் இதே கதைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஊரிலிருந்து சின்னப் பிள்ளைகளோடு வரும் சொந்தக்காரர் வீட்டில் இப்படி யாருக்காவது இருந்தால், தயவுசெய்து "ஊத்தைப் பல்" என்று சொல்லாதீர்கள். அது தீட்டிப் போகிற ஊத்தை இல்லை.

போன வருடம், 44 வயதில், ஒருநாள் துணிந்து ஒரு கிளினிக்குக்குள் போனேன். அது எது என்று இங்கே எழுதவில்லை. அங்கே இருந்தவர் என் வாயைப் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "மேலே பத்துப் பல்லுக்கும் வெனீர் போடலாம், தவணையில் கட்டலாம்" என்றார். மகள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு 16 வயது. வெளியே வந்ததும், "அம்மா, நானும் 18 ஆனதும் துருக்கிக்குப் போய்ச் செய்யப் போறன். மச்சாளும் வாறாவாம்" என்றாள்.

எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவளுடைய பல் முத்து மாதிரி. ஆனால் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பொத்திப் பொத்தி நின்ற தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கற்றிருக்கும்?

அடுத்த மாதம் வேறொரு பல் டொக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். அவர் முதலில் ஒரு பிளாஸ்டிக் பல்லை மேசையில் வைத்து விளக்கினார். வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவு தடிப்பு. 1920களின் இறுதியில் ஹொலிவுட்டில் சார்ல்ஸ் பிங்கஸ் என்ற பல் டொக்டர் நடிகர்களுக்கு இதைப் படப்பிடிப்புக்கு மட்டும் தற்காலிகமாக ஒட்டிவிட்டார். பீங்கானை அமிலத்தால் பதப்படுத்திப் பல்லோடு நிரந்தரமாக ஒட்டும் முறை 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது.

ஓட்டுக்கு இடம் வேண்டுமே. அதற்காகப் பெரும்பாலும் எனாமலைக் கொஞ்சம் சீவ வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. "முடி வெட்டுற மாதிரி இல்லை" என்றார்.

பிறகு மகளைப் பார்த்தார். துருக்கிக்குப் போய்வரும் பலருக்கு உண்மையில் போட்டு அனுப்புவது வெனீர் இல்லை, கிரவுன். கிரவுனுக்குப் பல்லைச் சுற்றிவரச் சீவிக் குச்சி மாதிரி ஆக்க வேண்டும். 2002இல் வந்த ஓர் ஆய்வு, வெனீருக்குப் பல்லின் மேற்பகுதியில் 3 முதல் 30 சதவீதமும் முழுக் கிரவுனுக்கு 63 முதல் 72 சதவீதமும் போய்விடுவதாகக் கணக்கிட்டது. இளம் வயதில் பல்லுக்குள் இருக்கும் நரம்புப் பகுதி பெரிதாக இருக்கும். ஆழமாகச் சீவினால் நரம்பு செத்துப் போகலாம்.

வெனீர் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம் வரும், சிலருக்கு அதற்கு மேலும். மகள் போனில் கணக்குப் போட்டாள். 18இல் போட்டால், 15 வருடப்படி 33, 48, 63 வயதுகளில் திரும்பவும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் காசு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனை மட்டும் கீழே வைத்தாள்.

என் விஷயத்தில் அவர் பத்துப் பல்லையும் தொடவில்லை. முதலில் அமிலமும் பியூமிஸ் பொடியும் கலந்த பசையால் மேற்பரப்பை மிக மெல்லிசாக உரசினார். பிறகு சில வாரம் வீட்டிலேயே ட்ரே வைத்து வெண்மையாக்கினேன். வெண்மையாக்குவதை முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் பீங்கானின் நிறம் பிறகு மாறாது. உடனே ஒட்டவும் கூடாது, இரண்டு வாரமாவது விட வேண்டும். திட்டில் பெரும்பகுதி மங்கிவிட்டது. மங்காத இரண்டு முன்பல்லுக்கு மட்டும் வெனீர். ஒட்டுவதற்கு முன் தற்காலிகப் பசையில் வைத்துக் கண்ணாடியில் காட்டினார். "கொஞ்சம் குறைவான வெள்ளையா வேணும்" என்றேன். மாற்றித் தந்தார்.

யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில விஷயங்கள்:

அழகுக்காகச் செய்யும் வெனீரை என்எச்எஸ் தராது. தனியாரிடம் ஒரு பல்லுக்கு 500 முதல் 1,000 பவுண், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு என்எச்எஸ் பல் வைத்தியம் இலவசம். பல்லில் திட்டு இருந்தால் முதலில் அங்கே காட்டுங்கள்.

டொக்டரின் பெயர் ஜெனரல் டென்ரல் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். பதிவில்லாதவர் வெண்மையாக்குவதும்கூட இங்கே சட்டவிரோதம்.

மூன்று கேள்வி கேளுங்கள். வெனீரா, கிரவுனா? எவ்வளவு சீவுவீர்கள்? உடைந்தால் யார், எங்கே, எவ்வளவுக்குத் திருத்துவார்கள்? வெளிநாட்டில் செய்பவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி.

முரசில் வருத்தமோ சொத்தையோ இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். நித்திரையில் பல் நெறுமுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், இரவில் போட ஒரு கவசம் தருவார்கள். ஒடியல், ஆட்டெலும்பு, பருத்தித்துறை வடை எல்லாம் இனி கடைவாயால்தான்.

போன சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு லண்டன் ரோட்டில் சாமான் வாங்கப் போனோம். அம்மா என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கிணத்துத் தண்ணிதான் பிள்ளை உன்னை வளத்தது" என்றா. மகள் எங்கள் இரண்டு பேரையும் பஸ் தரிப்பில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பழக்கத்தில் என் கை வாய்க்குப் போனது.

"அம்மா, கையை எடுங்கோ."

எடுத்தேன். துருக்கிக் கதையை அவள் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் "முதல்ல நம்மட டொக்டரிட்டக் கேப்பம்" என்கிறாள். இப்போதைக்கு எனக்கு அது போதும்.