கணக்கு நோட்டும் ஒரு பழைய சட்டமும்

ஏப்ரல் 2, புதன் – ஸ்ரீரங்கம்

வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றவும் சேவை செய்யவும் கிளம்புகிறவர்களிடம் எல்லாரும் கேட்பது, "எப்படித் துணிஞ்சீங்க?" என்பதுதான். என் விஷயத்தில் துணிச்சலைவிடக் கணக்குதான் அதிகம். ஒரே நிறுவனத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்ததால் கிராஜுவிட்டி வந்தது. வீட்டுக் கடன் கிடையாது. கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும் என்பதால், சொந்தமாக ஒன்று எடுத்த பிறகே ராஜினாமாக் கடிதம் அனுப்பினேன். தங்குவதற்கு மேலச் சித்திரை வீதியில் அத்தை வீடு. இத்தனையும் வாய்த்தவளால் கிளம்ப முடிகிறது. என்னோடு வேலை பார்த்தவர்களில் தம்பியின் படிப்புக்கும் அப்பாவின் டயாலிசிஸுக்கும் சம்பளத்தைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அத்தைக்கு வேறு கவலை. "ஊர்ல கேட்டா என்னன்னும்மா சொல்றது?"

"கணக்கு எழுதப் போறான்னு சொல்லுங்க அத்தை" என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

காந்தி மார்க்கெட்டைத் தாண்டி ஒரு குடியிருப்பு. பெயர் இங்கே வேண்டாம். அங்கே உள்ள பொதுக் கழிப்பறையை அந்தத் தெருப் பெண்களின் குழுவே நடத்துகிறது. திருச்சியில் இது இருபது வருடத்துக்கும் மேற்பட்ட நடைமுறை. மாநகராட்சியின் கழிப்பறைகளை எடுத்து நடத்தப் பெண்களைத் தயார் செய்ததில், 1987-ல் இங்கே தொடங்கிய கிராமாலயா தொண்டு நிறுவனத்துக்கும் அதற்கு உதவிய வாட்டர் எய்டு அமைப்புக்கும் பெரிய பங்கு. வாசலில் உட்கார்ந்து காசு வாங்குவது, கழுவிவிடுவது, மிச்சப்பட்ட பணத்தில் தெருவுக்கு எதையாவது செய்வது எல்லாம் அந்தப் பெண்களின் பொறுப்பு. 2002-ல் கல்மந்தை குடிசைப்பகுதி, திறந்தவெளியில் ஒதுங்குபவரே இல்லாத இடமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் தொட்டியம் பக்கத்தில் தாண்டவம்பட்டி கிராமம். தூய்மை இந்தியா என்ற பேச்சு நாட்டில் எழுந்ததே 2014-ல்தான்.

குழுவின் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தார் பொருளாளர் அக்கா. அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. பால்பாயிண்ட் பேனாவால் கட்டம் கட்டியிருக்கிறார்கள்: தேதி, வசூல், பினாயில், பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு, கரண்ட் பில், மோட்டார். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் காசு இல்லை. ஆனாலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓரத்தில் கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்திருக்கிறார்கள். மழை மாதங்களில் "தொட்டி லாரி" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. செப்டிக் டேங்க் நிரம்பி லாரி கூப்பிட்ட செலவு அது. ஒரு தடவை லாரி வந்து போனால் பல நாள் வசூல் அதிலேயே போய்விடுகிறது.

"பாதாளச் சாக்கடைல சேத்துவிட்டா லாரியே வேணாம். அதுக்கு மனு எழுதணும். பழைய கணக்கெல்லாம் பாத்துக் கூட்டிப் போட்டு எழுதிக் குடும்மா" என்றார். எனக்குக் கொடுத்த வேலை இது. எனக்குத் தெரிந்த வேலை, அவர்களுக்குத் தேவையான வேலை. இரண்டும் ஒன்றாக இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

ஏப்ரல் 5, சனி

கம்போடியாவுக்குப் போகலாம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சுற்றிப் பார்த்த மாதிரியும் இருக்கும், அனாதை இல்லத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரியும் இருக்கும் என்று. பிறகு படித்ததில் மனம் விட்டுப்போயிற்று. அங்கே வெளிநாட்டு விருந்தாளிகள் வர வர இல்லங்கள் பெருகின. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள் என்று பின்னால் தெரியவந்தது. வருகிறவர்களின் ஆசைக்காகப் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். 2018-ல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்து நாடாளுமன்றத்திலேயே பேசியது.

சேவைக்குப் போகிறவர் தன் மனநிறைவை முதலில் வைத்தால், எதிரே இருப்பவர் அந்த நிறைவுக்குத் தீனியாகிவிடுகிறார். மொழி தெரிந்த ஊரில் இந்த ஆபத்து குறைவு. "நீ செஞ்சது சரியில்ல" என்று ஒருவர் நம் முகத்துக்கு நேரே சொல்ல முடியும், நமக்கும் அது புரியும்.

ஏப்ரல் 7, திங்கள்

கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அக்காவும் இன்னும் மூன்று பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் நிற்கும்போது மனுவை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "1939-ஆம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டம்" என்ற இடம் வந்ததும் அக்கா நிறுத்தினார்.

"அது யாரு போட்ட சட்டம்?"

சொன்னேன். ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் சுகாதார மந்திரியாக இருந்தபோது சென்னை மாகாணத்தில் வந்தது. குடிநீர், சாக்கடை, கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கும் சட்டம். "நம்மூர்க்காரரா!" என்று அக்கா பின்னால் திரும்பி மற்றவர்களிடம் சொன்னார். மனுவுக்கு ரசீது கிடைத்தது. அதையும் நோட்டில் ஒட்டிவிட்டோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். தாயார் சன்னதியில் சேர்த்தி சேவை. நம்பெருமாளையும் ரங்கநாயகித் தாயாரையும் ஒருசேரப் பார்க்க வருடத்தில் இந்த ஒரு நாள்தான். அத்தை விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிட்டார். இன்று வேலை ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு – கண்டோன்மெண்ட்

மனுவில் சொன்ன சட்டம் வந்தபோது மந்திரியாக இருந்த ஸ்ரீரங்கத்துக்காரர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். 1880-ல் பிறந்தவர். பர்மாவில் வேலை பார்த்து, லண்டன் போய் மேல்படிப்புப் படித்து வந்த டாக்டர். தொழிலே போதும் என்று இருந்திருக்கலாம், இருக்கவில்லை. 1930-ல் இதே ஏப்ரல் 13-ஆம் தேதி, இதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டோன்மெண்டில் இருந்த அவர் வீட்டிலிருந்துதான் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த நாள் என்பதற்காகவே குறித்த தேதி. முன்னால் நடந்தவர் ராஜாஜி, சேலத்தில் நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலைப் பத்து வருடம் முன்பே உதறியவர். பின்னால் சுமார் நூறு தொண்டர்கள். ஏறக்குறைய 150 மைல். நாமக்கல் கவிஞர் 'கத்தியின்றி ரத்தமின்றி' பாட்டை எழுதிக் கொடுத்தது இந்த நடைக்காகத்தான். அந்தப் போராட்டத்தில் ராஜனும் சிறைக்குப் போனார். 1937-ல் மந்திரியானார்.

வேலையை விட்டுப் பயணம் போனவர்கள் என்று பார்த்தால் நம் ஊரில் எனக்கு இவர்கள்தான் முன்னோர். ஆனால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமானவர்கள் கிளம்பியவர்கள் அல்லர், வழியில் இருந்தவர்கள். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே வீட்டில் வைத்து உபசரித்தார், அதற்காகச் சிறைக்கும் போனார். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் சிறை. வேதரத்தினம் பிள்ளை தன் ஊருக்கு வந்தவர்களையெல்லாம் தாங்கினார், சொத்தை இழந்தார், பிறகு 1946-ல் அங்கேயே பெண்களுக்கான கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கினார். இவர்களில் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. இவர்கள் இல்லாமல் அந்த நடை பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்காது.

சம்பளத்தை விட்டவர் என்று என்னைப் பாராட்டும் நண்பர்கள், அந்தக் கழிப்பறை வாசலில் விடியுமுன் உட்காரும் அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. எனக்கு அது உறுத்துகிறது. கிராமாலயா தாமோதரனுக்கு 2022-லும், முசிறியில் மலத்தை உரமாக்கும் கழிப்பறைகளைக் கொண்டுவந்த ஸ்கோப் அமைப்பின் சுப்புராமனுக்கு 2021-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவருமே இந்த மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்கள். விட்டுவிட்டுப் போவதைப் பற்றி எழுதுகிற அளவுக்கு, ஒரே இடத்தில் இருந்து செய்வதைப் பற்றியும் எழுத வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

அந்தப் பழைய பாதையில் போகப் போகிறேன்: கல்லணை, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். முழுக்க நடையில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கி, ஆங்காங்கே தங்கி. கணக்கோ மனுவோ எழுத ஆள் தேவைப்படும் மகளிர் குழுக்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் வரச்சொன்ன ஊர்களில் மட்டும் இறங்குவதாக ஏற்பாடு.

கிளம்புவதற்குள் இங்கே நோட்டை ஒப்படைக்க வேண்டும். அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் பி.காம். இரண்டாம் வருடம். இன்று மாலை அவளோடு உட்கார்ந்து மோட்டார் ரிப்பேர் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். பாதி நேரம் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், எந்த மெக்கானிக் எந்தக் கையெழுத்து என்று.

பாதாளச் சாக்கடை இணைப்புக்கு அளவெடுக்க அடுத்த வாரம் ஆள் வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. அக்கா கேட்டார், "வர்றப்ப நீ இருப்பியா?"

"தஞ்சாவூர்ல இருப்பேன்க்கா. போன் பண்ணுங்க, ஒன்றரை மணி நேரத்துல வந்துடலாம்."

"வேணாம், இவ இருக்கா. நீ வேதாரண்யத்துல அந்தக் குருகுலத்தப் பாத்துட்டு, பொண்ணுங்கள தங்க வச்சுப் படிக்க வைக்கிறாங்களான்னு மட்டும் விசாரிச்சுட்டு வா. என் பேத்திக்கு."