கம்பத்து எண் என்ன?

பகுதி சபைக் கூட்டத்தில் முதலில் எழுபவர் பெரும்பாலும் தெருவிளக்கைப் பற்றித்தான் பேசுவார். “எங்க தெருவுல ஒரு லைட்டும் எரியலைங்க.” கூட்டம் நடத்திப் பழகியவர் அதை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார். “கம்பத்துல நம்பர் போட்டிருக்குமே, பாத்தீங்களாம்மா?” என்பார். எண்ணோடு பதிவானால் அது உதவிப் பொறியாளருக்கு வேலை. இல்லாவிட்டால் வெறும் புலம்பல்.

நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்ற 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் அதன் கீழ் வரும் பகுதி சபைக்குமான விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். சென்னை மாதிரியான பெரிய மாநகராட்சியில் ஒரு வார்டுக்கு 10 சபைகள். சென்னையின் 200 வார்டுகளுக்கு 2,000. கிராம சபையைப் போலவே, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் இதில் உறுப்பினர்கள்.

புகாரை எந்த வாசலுக்கு அனுப்புவது என்பதில்தான் கூட்டம் நடத்துபவரின் திறமை இருக்கிறது. தெருவில் கழிவுநீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. யாரோ வீட்டுக் கழிவுநீர்க் குழாயை வடிகாலில் சொருகியிருந்தால்? “எங்க மேன்ஹோல் அடைபடவே இல்லை” என்பார் வாரியத்தார். “இது மழைத்தண்ணி இல்லையே” என்பார் மாநகராட்சியார். இருவரையும் ஒரே மேசைக்கு வரவழைத்து, “நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சேர்ந்தே மூடியைத் திறந்து பாத்துடலாமா சார்?” என்று எல்லார் முன்னும் கேட்க வேண்டும். அந்தத் தேதியும் வருகிறவரின் பதவியும் அங்கேயே தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

அடுத்தது மைக். விட்டுவிட்டால் அது முன்வரிசையைத் தாண்டாது.

கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்தால் ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் வர முடியாது. குடியிருப்போர் சங்கம் அச்சடித்த மனுவில் பூங்கா கேட்கும். வாடகைக்கு இருப்பவரோ வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, லாரித் தண்ணீர் வராததைச் சொல்லத் தயங்குவார். அதனால்தான் தேர்ந்தவர்கள் கடைசி வரிசையிலிருந்து பேச அழைக்கிறார்கள். மனுவைப் பிறகு வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தச் சபையின் பலவீனமும் தெரிந்ததே. பகுதியின் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. சபைக்கென்று தனிக் கஜானாவும் கிடையாது. கையில் காசு இருப்பது கவுன்சிலரிடம்: சென்னை மாநகராட்சியின் 2025-26 நிதிநிலை அறிக்கை வார்டு மேம்பாட்டு நிதியை 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்ற கேள்வி வந்ததும் கூட்டம் சூடுபிடிக்கும். கணக்கை அங்கேயே வாசிக்க வேண்டும் என்றால், கவுன்சிலரிடம் முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்க வேண்டும்.