மேல்வீட்டுக் குழாயும் கீழ்வீட்டு வெள்ளமும்

நம் ஊர் வீடுகள் யாவும் நிலத்தைவிட்டுச் சற்று மேலெழுந்து நிற்பவை. கல்லும் மண்ணும் நிரப்பி அத்திவாரத்தை உயர்த்தி, வாசலில் இரண்டோ மூன்றோ படிகள் வைத்து, அதன் மேலேயே நம் முன்னோர் வாழ்ந்தனர். மாரிகாலத்தில் முற்றம் முழுவதும் நீர் நின்றாலும், அது படியளவில் நின்றுவிட்டுப் பின்னர் வெள்ளவாய்க்காலை நாடிப் போய்விடும். போர்க்காலத்துப் பதுங்குகுழிகளைத் தவிர, நிலத்துக்குக் கீழே மனிதர் இரவு தங்குவதை நாம் கண்டதில்லை.

நான் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் கனடாவின் ரொறன்ரோ நகரில் நிலைமை வேறு. குளிர்காலத்தில் நிலத்திலுள்ள ஈரம் உறைந்து விரிந்து கட்டடத்தை அசைத்துவிடும் என்பதால், அங்கு வீட்டின் அத்திவாரத்தை ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழத்துக்குக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் சற்றுத் தோண்டி, அதனை ஒரு தளமாகவே அமைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. நம்மவர் அதனைப் 'பேஸ்மென்ற்' என்பர்; நிலவறை என்று நாம் அழைக்கலாம். வீட்டைச் சூடாக்கும் உலையும், பழைய பொருள்களும், சலவை இயந்திரமும் இருந்த அந்த இடத்தில் காலப்போக்கில் சமையலறையும் குளியலறையும் வந்து சேர்ந்தன. மனிதரும் வந்து சேர்ந்தனர். புதிதாக வந்திறங்கிய தமிழர்களுள் தம் வாழ்வை நிலவறையில் தொடங்கியோர் பலர். வாடகை குறைவு என்பதே அதற்குக் காரணம். நானும் அவ்வாறு தொடங்கியவனே. பின்னர் நகரின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில் ஒரு பழைய வீட்டை வாங்கியபோது, நான் மேலே குடியேறினேன். என் முன்னைய இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

2013ஆம் ஆண்டு ஆடி மாதம் 8ஆம் நாள் பெய்த மழையை அந்நகரத்தார் இன்றும் மறக்கவில்லை. பியர்சன் விமான நிலையத்தில் அன்று 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. 1954இல் 'ஹேசல்' புயலின்போது அங்கு ஒரே நாளில் பெய்த அளவையும் அது விஞ்சியது. அதில் பெரும்பகுதி மாலை வேளையில் ஓரிரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. எங்கள் நிலவறையில் அப்போது ஒரு தாயும் பள்ளிக்குச் செல்லும் இரு பிள்ளைகளும் குடியிருந்தனர். படிக்கட்டின் கீழிருந்து அத்தாயின் குரல் கேட்டது: "அண்ணை, தரையில இருக்கிற ஓட்டையால தண்ணி மேல வருது!"

அவர் சொன்னது சரியே. சன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ வெள்ளம் வரவில்லை. நீரை வெளியேற்றுவதற்கென்று தரையில் அமைந்த வடிகால் துவாரத்திலிருந்தே கரிய நீர் கொப்பளித்து எழுந்தது. அது மழைநீர் மட்டுமன்று என்பதை அதன் நாற்றமே அறிவித்தது. பிள்ளைகளை மேலே அழைத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் மின்சாரமும் நின்றது. நீர் வற்றிய பின், தரையில் வைத்திருந்த எதுவும் மிஞ்சவில்லை. மெத்தையையும் அரிசி மூட்டையையும் பாடப்புத்தகங்களையும் பற்றி அந்தத் தாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கட்டிலின் கீழே ஒரு பெட்டியில் இருந்த புகைப்படங்களை மட்டும் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பிரிக்க முயன்றார். வன்னியில் இடம்விட்டு இடம் ஓடியபோதெல்லாம் நெஞ்சோடு அணைத்துக் காத்துவந்த படங்கள் அவை. எத்தனையோ ஊர்களைக் கடந்து வந்தவை, ஒரு நகரத்தின் கழிவுநீரில் ஒட்டிக்கொண்டு கிழிந்தன.

எங்கிருந்து வந்தது அந்த நீர்? சில நாள்களின் பின் வடிகாலைச் சோதிக்க வந்த முதிய தொழிலாளி ஒருவர், தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கீறி எனக்கு விளக்கினார். நிலவறைக்குள் நீர் மூன்று வழிகளால் வரும். நிலத்தின் மேல் ஓடும் மழைநீர் சன்னல், வெடிப்பு ஆகியவற்றால் நுழைவது ஒன்று. மண்ணுக்குள் ஊறிய நீர் அத்திவாரத்தை நெருக்கிக் கசிவது இரண்டாவது. வீதியின் கீழ் ஓடும் பொதுக் கழிவுக்குழாய் நிரம்பி, வீடுகளுக்குள் திரும்பிப் பாய்வது மூன்றாவது. மற்ற இரண்டும் அழிவைத் தருவன. மூன்றாவதோ அழிவோடு நோயையும் தருவது.

மழை பெய்தால் கழிவுக்குழாய் ஏன் நிரம்ப வேண்டும்? நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் மலசலகூட நீரும் ஒரே குழாயில் செல்கின்றன. தனித்தனிக் குழாய்கள் உள்ள இடங்களிலும், பழைய வீடுகளின் கூரைப் பீலிகள் கழிவுக்குழாயோடு இணைக்கப்பட்டிருந்தன. அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஊறும் நீரை ஏந்திச் செல்லத் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைப்பார்கள். முற்காலத்தில் அதனைச் சுட்ட களிமண்ணால் செய்தனர். அதற்கு 'வீப்பிங் ரைல்', அதாவது அழுகின்ற ஓடு, என்று பெயர். அந்த ஓட்டின் கண்ணீரும் பல வீடுகளில் அதே கழிவுக்குழாயில்தான் கலக்கிறது.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். 100 சதுர மீற்றர் கூரையில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தால் 12,600 லீற்றர். ஒரு வீட்டின் கூரை மட்டுமே இவ்வளவு நீரைத் திரட்டுகிறது. ஒரு தெருவில் உள்ள வீடுகள் யாவும் அதனைக் குழாய்க்குள் இறக்கினால், நீர் தன் மட்டத்தை நாடி, மிகத் தாழ்ந்த துவாரம் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே எழும். என் கூரையில் விழுந்த துளி எனக்குத் தெரியாத ஒருவருடைய படுக்கையை நனைக்கிறது. அவரும் அதனை அறியார், நானும் அறியேன். அயலவர் யார் என்ற பழைய கேள்விக்கு இந்தக் குழாய் ஒரு விடையை வைத்திருக்கிறது.

இதனை உணர்ந்தே ரொறன்ரோ நகரசபை, பீலி நீரைக் கழிவுக்குழாயிலிருந்து துண்டித்து, நிலத்தில் வழியவிட வேண்டும் என்று 2007இல் தீர்மானித்து, 2011 முதல் 2016 வரை நகர் முழுவதிலும் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேலை மிக எளியது. குழாயை வெட்டி, முழங்கை போன்ற ஒரு துண்டைப் பொருத்தி, சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீற்றர் தள்ளிப் புல்தரையில் நீர் விழச் செய்தல் வேண்டும். வீட்டைச் சுற்றிய மண்ணும் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். ஆயினும் தெருவில் இதனைச் செய்யத் தயங்கினோர் பலர். "என் வீட்டில் தண்ணீர் வரவில்லையே, நான் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்பதே அவர்கள் கேள்வி. தண்ணீர் வராத வீடு பெரும்பாலும் மேட்டில் இருக்கும் வீடாகும். வந்த வீடு பள்ளத்தில் இருக்கும்.

கழிவுநீர் திரும்பி வருவதைத் தடுக்க ஒரு கருவி உண்டு. 'பாக்வோட்டர் வால்வு' என்பர். வீட்டிலிருந்து வெளியேறும் தலைக்குழாயில், நிலவறையின் தரைக்குக் கீழே அதனைப் பொருத்துவார்கள். அதற்குள் ஓர் இதழ் உண்டு. வழக்கமாக அது தாழ்ந்திருந்து, உள்ளிருந்து வெளியே செல்லும் நீருக்கு வழிவிடும். வெளியிலிருந்து நீர் திரும்பி வந்தால் மிதந்தெழுந்து வழியை அடைத்துவிடும். உரிய அனுமதி பெற்று, தேர்ந்த குழாய்த் தொழிலாளியைக் கொண்டு இதனைச் செய்விக்க வேண்டும். வரையறுத்த ஒரு தொகை வரை செலவில் ஒரு பகுதியை நகரசபை திருப்பித் தருகிறது. மண்ணில் ஊறும் நீருக்கென நிலவறையின் மூலையில் ஒரு குழி தோண்டி, நீரை இறைத்து வெளியே தள்ளும் இயந்திரம் ஒன்றையும் வைப்பதுண்டு. பெருமழை நாளில் முதலில் நின்றுவிடுவது மின்சாரம் என்பதால், அதற்கு மின்கலத்தில் இயங்கும் துணை இயந்திரமும் தேவை. இவற்றையெல்லாம் நாங்கள் செய்வித்தோம்.

வால்வைப் பொருத்தி முடித்த அன்று அந்த முதியவர் சொன்ன ஒன்றுதான் இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. "இந்தக் கதவு மூடினால் ஊர்த் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. பெருமழை நேரத்தில் மேலே குழாயைத் திறந்தீர்களானால், அது கீழே இருப்பவர்களுடைய தரையில்தான் வரும்" என்றார். கருவி வீட்டை ஊரிடமிருந்து காக்கும். கீழே இருப்பவரை மேலே இருப்பவரிடமிருந்து காக்கும் கருவி எதுவும் கடையில் விற்கப்படுவதில்லை.

சில ஆண்டுகளின் பின் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. இருபதுக்கு மேற்பட்ட உறவினர் கூடியிருந்தனர். உணவு முடிந்த வேளையில் வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. என் மனைவி எழுந்து, "மழை விடுமட்டும் ஒருவரும் குழாயைத் திறக்க வேண்டாம், குளியலறையையும் பாவிக்க வேண்டாம்" என்று அறிவித்தார். பாத்திரங்கள் மேசையில் குவிந்து கிடந்தன. மைத்துனர் ஒருவர் சிரித்தார்: "மழைக்குப் பயந்து கோப்பை கழுவாத வீட்டை இண்டைக்குத்தான் காணுறன்." மனைவியும் சிரித்தார். ஆனால் சமையலறை வாசலை விட்டு நகரவில்லை. கறிச்சட்டியில் மிஞ்சிய எண்ணெயையும் தொட்டியில் ஊற்றாமல் ஒரு பழைய தகரப் பேணியில் வடித்து வைத்தார். எண்ணெய் குழாய்க்குள் குளிர்ந்து கட்டியாகி வழியை அடைக்கும் என்பதை அவர் அறிவார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் காத்திருந்தோம். கீழே, அப்போது குடியிருந்த இரண்டு பஞ்சாபி மாணவர்கள் ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தனர். மேலே நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களது தரை உலர்ந்தே இருந்தது.

நிலவறையில் வாழ்வோரின் இடர் பொருளிழப்போடு நின்றுவிடுவதன்று. 2021 செப்ரெம்பர் முதலாம் நாள் இரவு, 'ஐடா' புயலின் எச்சமாக வந்த மழை நியூயோர்க் நகரில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 80 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்தது. அந்நகரில் இறந்த 13 பேருள் 11 பேர் நிலவறைகளில் இருந்தவர்கள். அவர்களுள் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் குயீன்ஸ் பகுதியில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த வந்தேறிகள். நீர் கதவை வெளியிலிருந்து அழுத்தும்போது, உள்ளே இருப்பவரால் அதனைத் திறக்க இயலாது. இரண்டாவது வழி இல்லாத அறை, அந்த வேளையில் கிணறாகிவிடுகிறது. ரொறன்ரோவிலும் மழை அமைதி அடைந்துவிடவில்லை. 2024 ஆடி 16ஆம் நாள் பியர்சன் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் பதிவாயிற்று.

மாடியில் இருப்பவன் வாடகையை வாங்குகிறான். வெள்ளத்தைக் கீழே இருப்பவன் வாங்குகிறான். இந்த ஏற்பாடு சட்டத்துக்கு ஏற்றதாகவும் இருக்கலாம். வீட்டுக்காரரின் காப்புறுதி குடியிருப்பவரின் பொருள்களுக்குப் பொருந்தாது. கழிவுநீர் திரும்பிப் பாய்வதற்கான காப்புறுதியையும் பலவேளைகளில் தனியாகக் கேட்டுத்தான் பெறவேண்டும். இவற்றை எடுத்துச் சொல்லுமாறு எந்தச் சட்டமும் நம்மை வற்புறுத்தாவிட்டாலும், புதிதாக வந்திறங்கிய ஒருவருக்குத் திறப்பைக் கையளிக்கும்போது இதனைச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது. குழாய் எங்கே போகிறது என்ற அறிவும் வேண்டும். அறிவு மட்டும் இருந்தாலும் போதாது. மழை விடும்வரை கோப்பைகளைக் கழுவாமல் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

இதனை வாசிப்போருள் பலருக்குப் பிள்ளைகளோ சகோதரரோ குளிர்நாடுகளில் இருப்பர். அவர்களுள் சிலர் நிலவறையில் குடியிருக்கவும் கூடும்; அங்குள்ள நிலைமையை அவர்கள் உங்களுக்கு முழுமையாகச் சொல்லாமலும் இருக்கலாம். அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட பின் இவற்றையும் கேளுங்கள். வெளியேற இரண்டாவது வழி உண்டா? திரும்பி வரும் கழிவுநீரைத் தடுக்கும் வால்வு பொருத்தியிருக்கிறார்களா? கடவுச்சீட்டும் சான்றிதழ்களும் புகைப்படங்களும் தரையில் இல்லாமல் உயரத்தில் இருக்கின்றனவா? நீர் நின்ற தரையில் மின்சாரம் இருக்கக்கூடும், அதில் கால் வைக்கக் கூடாது என்பது தெரியுமா? அந்தப் பிள்ளை அங்கு சொந்த வீட்டின் மேல்தளத்தில் வாழ்பவராக இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. கீழே யார் இருக்கிறார்கள்?