சுண்ணாம்பு தடவிய கலயம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் கீழ்பென்னாத்தூர் வந்தால் ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் பனைகள் தென்படும். அதே சாலையில் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. அங்கே உரிமம் பெற்ற கடையில் உட்கார்ந்து கள் குடிக்கலாம். இங்கே ஒரு கலயம் கள் இறக்கினாலும் வழக்கு. பங்குனிக் கடைசியில் நான் பார்க்கப் போன குடும்பம் இறக்குவது பதநீர். அப்பாவும் மகனும் மரம் ஏறுகிறார்கள், அம்மா காய்ச்சுகிறார். மரங்கள் அவர்களுடையவை அல்ல, பருவத்துக்குக் குத்தகை.

மரம் ஏறுவதுதான் இந்தத் தொழில் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரியவரோ தரையில் கலயங்களைப் பரப்பிவைத்து, நீற்றிய சுண்ணாம்பை ஒவ்வொன்றின் உள்சுவரிலும் விரலால் பூசுவதற்கு ஏறுவதைவிட அதிகக் கவனம் எடுத்துக்கொள்கிறார். வெயில் கடுமையானால் கொஞ்சம் கூடுதலாக, பனி விழும் நாளில் குறைவாக. அளவு கேட்டேன். சிரித்தார். “கொறைஞ்சா போலீசு வரும் சார், கூடிப்போனா குடிக்கிறவன் நாக்கு வெந்துடும்.”

அந்த வாக்கியத்துக்குள் ஒரு வேதியியல் பாடமே இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் பூச்சியின் காலிலும் பழைய கலயத்தின் சுவரிலும் நொதிக்கும் நுண்ணுயிர்கள் எப்போதும் உண்டு. யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. முதல் சொட்டு விழுந்ததுமே அவை வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை ஏறும், அதாவது நான்கைந்து விழுக்காடு. மறுநாள் புளித்து, விட்டால் காடியாகும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய் அந்த உயிர்களை முடக்கிவைக்கிறது. கள்ளுக்கும் பதநீருக்கும் மரம், பாளை, கத்தி, ஏறும் ஆள் எல்லாம் ஒன்றுதான். சட்டம் பார்ப்பது கலயத்தின் உள்சுவரை மட்டும்.

உண்மையான கைவேலை உச்சியில் நடக்கிறது. காலில் தளை, இடுப்பில் கத்தியும் கடிப்பும் வைத்த பெட்டி, அறுபது அடிக்குக் குறையாத உயரம். பாளை விட்டவுடன் சாறு வந்துவிடாது. கடிப்பு என்கிற மரக் கிடுக்கியால் பாளையை இதமாக நசுக்கி, நுனியைச் சீவி, பல நாள் பழக்கிய பிறகுதான் அது சொட்டத் தொடங்கும். அழுத்தம் மிஞ்சினால் பாளை கருகிவிடும். ஆண் பனைக்கு ஒரு கடிப்பு, பெண் பனைக்கு வேறு. பெண் பனையில் நுங்கு முற்றுவதற்கு முன்பே பாளையைக் கட்டிவிட வேண்டும். கட்டிய குலையில் நுங்கு கிடையாது. பிறகு காலையும் மாலையும் தாள் கனத்துக்கு ஒரு சீவல். தடிமனாகச் சீவினால் பாளை பருவத்தின் பாதியிலேயே தீர்ந்துபோகும், சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் ஏறித்தான் ஆக வேண்டும். மகன் கட்டட வேலையை விட்டுவிட்டு இந்தப் பருவம் முழுக்க ஊரிலேயே இருப்பது அதனால்தான்.

திராட்சை மது செய்யும் குடும்பங்களுக்கு இந்த அவசரம் இல்லை. ஜார்ஜியா நாட்டில் குவெவ்ரி என்ற பெரிய மண்சாடியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நசுக்கிய திராட்சையை அதில் ஊற்றி மூடி, மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு நடக்கும் இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் பானையை மண்ணுக்குள் புதைக்கிறார்கள், நம்மவர்கள் மரத்து உச்சியில் கட்டுகிறார்கள். அங்கே காலம் மதுவுக்குத் துணை. இங்கே காலை ஒன்பது மணி வெயிலே எதிரி.

தமிழ்நாட்டில் கள்ளின் கதை கதவு திறந்து மூடிய கதை. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தி, 1973இல் கள்ளுக்கடைகளை மறுபடி மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மீண்டும் நின்றன. அதற்கு முன்பே, 1983இல், அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்துவிட்டது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன.

பெரியவர் இதை வேறு விதமாகச் சொல்கிறார். “எங்கப்பா காலத்துல இந்தக் கரையில வரிசையா மரத்துக்கு ஒரு ஆளு இருப்பான். கள்ள நிறுத்துனாங்க, குடிக்கிறவன் நிக்கல. ஏறுறவன்தான் நின்னான்.” அவர் பக்கம் சாயத் தோன்றினாலும் மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். கள் கலப்படத்துக்கு எளிதில் இடம் கொடுக்கும் பானம். 2025 ஜூலையில் ஐதராபாத்தின் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்கள் உயிரிழந்தார்கள். அங்கே கள் சட்டப்படி விற்கப்படும் பொருள். ஆனால் கலப்படத்துக்குத் தீர்வு கண்காணிப்பா, தடையா என்ற கேள்விக்கு இலங்கைத் தமிழர்கள் முன்பே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வடமராட்சியின் திக்கத்தில் வடிசாலை வைத்துப் பனங்கள்ளிலிருந்து சாராயம் வடித்தார்கள். 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை என்று ஒரு அரசு அமைப்பும் அங்கே இருக்கிறது.

இங்கே மரமே முதல் கவலை. செங்கல் சூளைக்கு விறகாகவும் மனைப்பிரிவுக்கு இடைஞ்சலாகவும் பனைகள் சாய்ந்துகொண்டிருந்தன. 2021இல் மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. நல்ல அறிவிப்பு. பாளை விட்டுப் பலன் கொடுக்க ஒரு பனைக்குப் பதினைந்து ஆண்டுகளாவது தேவை. அதுவரை அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

வெயில் ஏறும் முன் பதநீர் வீடு வந்து சேர்கிறது. சாலையில் விற்றது போக மிச்சம் அம்மாவின் அடுப்புக்கு. காய்ந்த மட்டையும் ஓலையும்தான் எரிபொருள். வடிகட்டிய பதநீர் அகன்ற சட்டியில் கொதித்துப் பொங்கும்போது, இடித்த ஆமணக்கு விதையை ஒரு சிட்டிகை போடுகிறார், நுரை அடங்குகிறது. பாகைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்டிப் பார்த்து, உருண்டால் இறக்கிக் கிண்டுகிறார். பிறகு கொட்டாங்கச்சிகளில் ஊற்றுகிறார். எட்டுப் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். ஒரு காலை முழுக்கப் புகையில் நின்ற கூலியை அந்த விலையில் எங்கே சேர்ப்பது என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“கடையில சர்க்கரை கலந்தது பாதி விலைக்குக் கெடைக்குது தம்பி. பாக்க அழகா இருக்கும். அத வாங்கிப் பழகுனவங்க எங்க கருப்பட்டியப் பாத்து, இன்னாம்மா இவ்ளோ கறுப்பா இருக்குன்னு பேரம் பேசுறாங்க.” அதனால் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இப்போது கொடுக்கிறார். நான் கேட்ட இரண்டு கிலோவில் ஒன்றுதான் கிடைத்தது. மற்றது செஞ்சியில் ஒரு பிரசவ வீட்டுக்குச் சொல்லி வைத்ததாம்.